லூகாங் கோயில்ல நாலு விளக்கு

இல்லமா, நீங்க நெழல்ல தள்ளி உக்காருங்க, எனக்கு இந்தப் படி போதும். கல்யாண மண்டபம் பாத்துட்டு அவங்க வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும். எங்க வூட்டுக்காரரு ஒரு எடத்துக்குப் போனா சமையக்கட்டு, கொழா, வண்டி நிறுத்துற எடம், எல்லாத்தையும் தட்டிப் பாக்காம வரமாட்டாரு. சேலைக்கு பார்டர் தொட்டுப் பாக்குற மாதிரி மண்டபத்துச் செவுத்தையும் தொட்டுப் பாப்பாரு. உங்க வூட்டுக்காரரு பொறுமையானவரு, கூட நிப்பாரு.

நான்தான் வேணும்னே அவங்கள அனுப்பிச்சேன். பொம்பளைங்க நாங்க காமாட்சியப் பாத்துட்டு குளத்தாண்ட உக்காந்திருக்கோம்னு. நாளைக்குப் பூ வெக்கறோம். பூ வெச்சிட்டா பாதி கல்யாணம் முடிஞ்ச மாதிரி, அப்பறம் யாரும் பின்வாங்க முடியாது. அதுக்கு முன்னால உங்ககிட்ட தனியா கொஞ்ச நேரம் பேசணும்னு பத்து நாளா தவிச்சிக்கினு இருந்தேன்.

பயப்படாதீங்க. சீர் செனத்தி ஒண்ணும் கேக்க வரல. எம்புள்ள குரு இருக்குற ஊரப் பத்திச் சொல்லணும், அவ்ளோதான். நாளைக்கு உங்க பொண்ணு இளவரசி போயி இருக்கப்போற ஊராச்சே. ஆனா ஒண்ணு சம்பந்திம்மா, கத கேக்குற மாதிரி கேக்காதீங்க. நான் என்ன பாத்தேன்னு மட்டும்தான் சொல்வேன். மிச்சத்த நீங்கதான் நெனச்சுப் பாத்துக்கணும். ஏன்னா... அது அப்பறம் சொல்றேன்.

பொங்கலுக்கு வந்திருந்தான் இல்ல, அப்பதான் உங்க பொண்ணு ஜாதகம் வந்துது, பொருத்தம் பாத்தோம், ஃபோட்டோவும் வாங்கினோம். திரும்பிப் போவும்போது என்னையும் இட்டுக்கினு போனான். நான் கேட்டேன்னு வெச்சிக்கோங்களேன். ஆறு வருஷமா படிப்புன்னான், வேலன்னான், ஒரு தடவ கூட அம்மா வாயேன்னு கூப்ட்டதில்ல. சந்தியா, அதான் என் பெரிய பொண்ணு, அவதான் சண்ட போட்டா, ஏன்டா அம்மாவ ஒரு தடவ ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டியான்னு. அவரு வரல. தறியில பாவு ஏத்தி வெச்சிருக்குது, சேல அறுத்துக் குடுக்கணும்னுட்டாரு. நான் ஒருத்தி போனேன். நார்த்தங்கா ஊறுகா ரெண்டு பாட்டிலு, பருப்புப் பொடி, வடாம், அம்மன் குங்குமம்.

தைச்சுங்னு ஊரு. ஒம்பதாவது மாடி. ரெண்டு ரூமு வூடு, அதுல ஒரு ரூமு பூட்டியிருந்துது. என்னடான்னு கேட்டா வூட்டு ஓனர் சாமான் போட்டு வெச்சிருக்காங்கன்னான். கூடத்துல செவுத்துல ஆணி அடிச்சிருக்குது, ஒண்ணு இல்ல, ஆறு ஏழு. ஒண்ணுத்துலயும் படம் இல்ல. நான் பைத்தியக்காரி, நல்லதாப் போச்சுன்னு கைப்பையில மடிச்சு எடுத்துக்கினு போன காமாட்சி காலண்டர அதுல மாட்டினேன். மீதி ஆணியில என் துண்டு, ஜபமால.

சிரிக்காதீங்க. நானும் அப்ப சிரிச்சிக்கினுதான் இருந்தேன்.

அப்பறம் மாசி மகம் வந்துது. அங்க சீன வருஷப் பொறப்பு முடிஞ்சு வர்ற மொத பௌர்ணமி அது, ஊரெல்லாம் விளக்கு கட்டுவாங்களாம். வூட்டு ஓனரோட சொந்த ஊரு லூகாங்காம், ஒரு மணி நேரம்தான், விருந்துக்குக் கூப்ட்டிருக்காங்க, போயே ஆவணும்மான்னான். ஏன்டா, குடித்தனம் இருக்குறவன் போயே ஆவணுமான்னேன். அது இங்க மரியாதம்மான்னான். பஸ்ல போனோம். வழி பூரா நகத்தக் கடிச்சிக்கினே வந்தான். சின்னப்ப கூட அந்தப் பழக்கம் இல்ல அவனுக்கு.

பஸ்ஸு நின்ன எடத்துல ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்துது. இடுப்புல கொழந்த. பொம்பளப் புள்ள, ஒண்ணர வயசு இருக்கும். ஓனர் பொண்ணும்மா, யாத்திங்னு பேருன்னான். என் வாயில நொழையல, யாதின்னு கூப்ட்டேன். அது என்னப் பாத்ததும் கொழந்தையக் கீழ எறக்கி வுட்டுட்டு, ரெண்டு கையும் சேத்து கும்புட்டுது பாருங்க, நம்ம கோயில்ல கும்புடுற மாதிரியே. புருஷன் எங்கடான்னு கேட்டேன். வெளியூர்ல வேலன்னான்.

ஊரா? ஊரு அழகுதான். பொய் சொல்லக் கூடாது. நம்ம பிள்ளையார்பாளையம் சந்து மாதிரி, ஆனா செங்கல்லுலயே தரையும் செவுரும். ஒரு சந்து இருக்குது, எதுத்தாப்புல ஒரு ஆளு வந்தா நாம பின்னாலயே நடக்கணும், அவ்ளோ ஒடுக்கம். வளஞ்சு வளஞ்சு போவுது தெரு, கடக்காத்து நேரா அடிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்டி வளச்சுக் கட்டினாங்களாம். ஒரு வூட்ல கெணறு பாத்தேன், பாதி கெணறு வூட்டுக்குள்ள, பாதி மதிலுக்கு வெளிய தெருவுல. போறவங்க வர்றவங்களும் எறச்சுக் குடிக்கட்டும்னு மதிலக் கெணத்து நடுவுல கட்டியிருக்காங்க. எவ்ளோ நல்ல மனசுன்னு நெனச்சேன். நம்ம தெருவுல கொழாத் தண்ணிக்கு நாங்க போடுற சண்டையும் நெனச்சேன்.

விளக்குன்னா நம்ம அகலு இல்லமா. மூங்கில சீவி பூசணிக்கா மாதிரி கூடு கட்டி, மேல மெல்லிசுத் துணி ஒட்டி, அதுல படம் எழுதறாங்க. ஒரு பெரியவரு கடையில உக்காந்து எழுதிக்கினு இருந்தாரு. நான் துணியத் தொட்டுப் பாத்தேன், கை சும்மா இருக்குமா. எழ எழயா விட்டு நெஞ்ச துணி, வல மாதிரி. எங்க வூட்டுக்காரரு பாத்தா ஊட எங்கய்யா, குறுக்கு நூலயே காணோமேன்னு கேட்டிருப்பாரு. அந்த விளக்குல அவங்கவங்க குடும்பப் பேரு எழுதி வாசல்ல தொங்க வுடுவாங்களாம், எந்த வூடு யாரு வூடுன்னு தெரியணுமே. பேர மறச்சுக்கினு பண்டிக பண்ண மாட்டாங்க போல.

கடையில நாக்கு மாதிரி நீட்டமா ஒரு ரொட்டி வித்தாங்க. பசு நாக்குன்னு அதுக்குப் பேராம், குரு சொல்லிட்டான். நான் கைய ஒதறிட்டேன். வெறும் மாவும் வெல்லமும்தாம்மா, ரூபம்தான் அப்டின்னு சொன்னாலும் எனக்கு எறங்கல. யாதி அதப் பாத்துட்டு எனக்குன்னு வேற கடைக்குப் போயி வேர்க்கடல மிட்டாய் வாங்கியாந்து குடுத்துது. ஒரு வார்த்த பேச்சு இல்ல எங்களுக்குள்ள. கொழந்தையத் தூக்கி எங்கிட்ட குடுத்துட்டு முன்னால நடக்கும். நானும் தூக்கிக்கினு பின்னால. கொழந்தயும் அழல. எங்கிட்ட வந்ததும் என் தாலிச்சரட்டப் புடிச்சு வாயில வெச்சிக்கிச்சு. எச்சில் வடிய வடிய ஊரு சுத்தினோம்.

வூட்ல போனா, அடேயப்பா. ஓனரம்மா வாசலுக்கு வந்து எங்கையப் புடிச்சாங்க. புடிச்ச கைய வுடல. உள்ள கூப்ட்டுக்கினு போயி அவங்க வூட்டுப் பெரியவரு பக்கத்துல, மொத நாற்காலியில என்ன உக்கார வெச்சாங்க. எனக்குன்னு தனியா சமையலு, வெங்காயம் கூட போடல. பண்டிகைக்குன்னு அரிசி மாவுல உருண்ட புடிச்சு இனிப்புத் தண்ணியில போட்டுக் குடுக்குறாங்க, நம்ம பால் கொழுக்கட்டைதான், பாலு இல்ல, இஞ்சி வாசன. குடும்பம் அந்த உருண்ட மாதிரி முழுசா ஒண்ணா இருக்கணும்னு சாப்புடுறதாம். மொத கிண்ணம் எனக்கு. நான் வாயில வெச்சப்பறம்தான் அந்த வூட்டு மனுஷங்க கை வெச்சாங்க. அந்தம்மா என்னப் பாத்துப் பாத்து கண்ணத் தொடச்சிக்கிறாங்க. குடியிருக்குறவனோட அம்மாவுக்கு இவ்ளோ மரியாதையா, என்னா ஜனங்கன்னு நான் பூரிச்சுப் போயி உக்காந்திருந்தேன். எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். யாதி ஓடியாந்து கையில இருந்து புடுங்கிக்கிச்சு.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுல முள்ளு மாதிரி இருக்குது. சந்தோஷத்துல நான் ஃபோன எடுத்து உங்க பொண்ணு ஃபோட்டோவ அந்த மேசையில எல்லாருக்கும் காட்டினேன். ஆமாமா, இளவரசி ஃபோட்டோதான், நீங்க வாட்ஸப்ல அனுப்பினீங்களே, பச்சச் சேலயில. காட்டிட்டு குருவக் காட்டினேன். கழுத்துல தாலி கட்ற மாதிரி கையால செஞ்சும் காட்டினேன். என்னமோ சொல்லி குரு அவங்களுக்குப் புரிய வெச்சான். எல்லாரும் சிரிச்சாங்க, தல ஆட்டினாங்க. யாதி ஃபோன வாங்கி உங்க பொண்ணு மொகத்தப் பெருசாக்கிப் பாத்துது. ரொம்ப நேரம் பாத்துது. அப்பறம் கட்டவெரலத் தூக்கிக் காட்டுச்சு.

அன்னிக்கே கடைத்தெருவுல பட்டுத் துணியில வாசன சாமான் வெச்சுத் தெச்ச குட்டிப் பை ஒண்ணு வாங்கி, ஃபோட்டோவக் காட்டி எங்கிட்ட குடுத்துது. உங்க பொண்ணுக்கு நான் கொண்டாந்து குடுத்தேனே, பீரோவுல வெச்சிருக்குதுன்னீங்களே, அதுதான். குரு வாங்கிக் குடுத்தான்னு நீங்களா நெனச்சிக்கினீங்க. நானும் ஆமாம்னு தலையாட்டிட்டேன். அது யாதி வாங்கினது.

குரு அவங்களுக்கு என்னன்னு சொல்லிப் புரிய வெச்சான்னு கேக்குறீங்களா? இது என் தங்கச்சி, இவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்னு சொன்னானாம், அப்பறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

இருங்கமா. உக்காருங்க. கைய வுடாதீங்க. முழுசாக் கேளுங்க.

சாப்ட்டு முடிச்சதும் கொழந்த என் மடியிலயே ஈரம் பண்ணிடுச்சு. புடவையெல்லாம் நனஞ்சுது, எனக்கு அது சந்தோஷம், ஒரு கொழந்த மடியில ஈரம் பண்ணி எத்தன வருஷம் ஆச்சு. யாதி உள்ள துணி எடுக்கப் போச்சு. நான் கொழந்தைக்கு நிக்கர அவுத்தேன். இடுப்புல அரணாக்கயிறு.

கறுப்புக் கயிறு. மூணு புரி முறுக்கி, முடிச்சுக்கிட்ட பூன வாலு மாதிரி கொஞ்சம் வுட்டுக் கட்டியிருக்குது. எங்க வூட்ல நாங்க கட்டுறதே அப்டித்தான். நான் குருவுக்குக் கட்டினேன், சந்தியாவுக்குக் கட்டினேன், சந்தியா புள்ளைங்களுக்கும் நான்தான் கட்டினேன். கொழந்த வளர வளர இழுத்துக் கட்டத் தோதா இருக்கட்டும்னு அந்த வாலு. குரு வாசப்படியில நின்னுக்கினு பாத்துக்கினு இருக்கான். ஏன்டா, இங்கயும் கட்ற வழக்கமான்னேன். ஆமாம்மான்னான். அவ்ளோதான் சொன்னான், ஆனா மொகத்துல ரத்தமே இல்ல.

சாயந்தரம் கோயிலுக்கு நடந்து போவும்போது தெருவோரத்துல ஒரு பொம்பள கொழந்தைக்குத் துணி மாத்திக்கினு இருந்தா. நின்னு பாத்தேன். அந்தக் கொழந்த இடுப்புல ஒண்ணுமில்ல. அப்பறம் இன்னொரு கொழந்த. அதுக்கும் ஒண்ணுமில்ல.

ஆணியில இருந்து படத்தையெல்லாம் எடுக்கத் தெரிஞ்சவனுக்கு, ரூம பூட்டத் தெரிஞ்சவனுக்கு, இந்தக் கயிறு மட்டும் கண்ணுல படல பாருங்க. நம்மாளுங்களுக்குக் கயிறு இல்லாத கொழந்ததான கண்ணுல படும். கட்டியிருந்தா அது ஒரு பொருளாவே தோணாதே.

அப்பறம் கோயிலு. கடலம்மா கோயிலு, முந்நூறு வருஷம் பழசாம். கூட்டம்னா நம்ம கருட சேவைக் கூட்டம். மேல பூரா செவப்பு விளக்கு, காத்துல ஆடுது. உள்ள ஒரு ஓரமா தேர் கோபுரம் மாதிரி ரெண்டு தூண், மேலருந்து கீழ வரைக்கும் குட்டிக் குட்டி விளக்கு, ஆயிரம் இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் கீழ ஒரு சீட்டு, அதுல பேரு. குடும்பத்துல ஒவ்வொருத்தர் பேருக்கும் வருஷப் பொறப்புக்கு ஒரு விளக்கு போடுவாங்க, வருஷம் பூரா அது அணையக் கூடாது. நாம பேரு நட்சத்திரம் சொல்லி அர்ச்சன பண்றோம்ல, அது மாதிரி. குரு கொழந்தையத் தோள்ல ஏத்திக்கினு ஊதுவத்தி வாங்க வரிசையில நிக்கறான். யாதி எங்கையப் புடிச்சு இழுத்துக்கினு அந்தத் தூண்கிட்ட போச்சு. எண்ணிப் பாத்து ஒரு வரிசையில வெரல வெச்சுது.

மொத விளக்கு. தன் நெஞ்சத் தொட்டுக் காட்டுச்சு.

ரெண்டாவது விளக்கு. ரெண்டு கையையும் சேத்து கொழந்தையத் தாலாட்டுற மாதிரி ஆட்டிக் காட்டுச்சு.

மூணாவது விளக்கு. திரும்பி வரிசையில நிக்கிறவன கை நீட்டிக் காட்டுச்சு. யாரன்னு கேக்குறீங்களா. அங்க என்னத் தவிர அதுக்குத் தெரிஞ்ச ஆளு வேற யாரு நிக்கறான்.

நாலாவது விளக்கு ஒண்ணு இருந்துது. யாதி வெரல அந்த சீட்டுல வெச்சு, அப்பறம் மெதுவா என் நெஞ்சுல வெச்சுது. நான் காஞ்சிவரத்துல இருக்குறவ, அதுக்கு மொத நாளு வரைக்கும் என் மொகம் கூட நேர்ல பாக்காத பொண்ணு, எம்பேருக்கு அவங்க எழுத்துல சீட்டெழுதி விளக்கு போட்டிருக்குது. வருஷா வருஷம் போடுதாம். எனக்கு எல்லாம் தெரியும்னுதான் அது நெனச்சிக்கினு இருக்குது சம்பந்திம்மா. நான் சம்மதிச்சு ஆசீர்வாதம் பண்ணி வந்திருக்கேன்னுதான் அந்த வூடே நெனச்சிக்கினு இருக்குது. அதுக்குத்தான் அந்த மொத நாற்காலி. நான் அங்க உக்காந்து இன்னொரு பொண்ணு ஃபோட்டோவக் காட்டிக்கினு இருந்தேன்.

வெளிய வந்து, அந்தப் பாதிக் கெணறு சொன்னேனே, அதுக்கிட்ட குருவ நிக்க வெச்சுக் கேட்டேன். என்ன கேட்டேன், அவன் என்ன சொன்னான், அது மட்டும் என்னக் கேக்காதீங்க.

இல்லமா, கேக்காதீங்க. ஆமாவா இல்லையான்னு கூட கேக்காதீங்க. தலைய ஆட்டினாலும் அது சொன்ன மாதிரிதான்.

ஊருக்கு வந்து நான் சும்மா இல்ல. ஒரு வருஷம் போவட்டும்னேன். அவரு என்னாடி ஏரோப்ளேன்ல போயிட்டு வந்ததும் பேச்சு மாறுதுன்னாரு. வேற ஜோசியரப் பாக்கலாம்னேன், போனாரு, அந்தாளு ஒம்பது பொருத்தம்னுட்டான். உங்க பொண்ணுக்குன்னு அவரே தறியில உக்காந்து அரக்குல மாம்பழ பார்டர் போட்டுக்கினு இருக்காரு, நாப்பது வருஷத்துல அந்த மனுஷன் தறியில பாடி நான் கேட்டதில்ல, இப்ப பாடறாரு. குருவுக்கு ஃபோன் பண்ணேன். நீயே அப்பாகிட்ட பேசுடான்னேன். அவன் சொல்றான், நடக்கட்டும்மா, பத்து நாளு லீவுல வரேன், தாலி கட்டிட்டு வந்துடறேன், விசா கெடைக்க ரெண்டு மூணு வருஷம் ஆவும்னு சொல்லிக்கலாம், அதுவரைக்கும் அந்தப் பொண்ணு உங்ககூட இருக்கும், உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்ல.

ஒத்தாச. உங்க பொண்ணு எம்.காம். படிச்சது எனக்கு அரிசி களயறதுக்கு. நான் பெத்த புள்ள பேசறான் இப்படி. இந்தக் கொளத்தங்கரையிலதான் மொட்டையடிச்சு அவனுக்குச் சந்தனம் பூசினேன். எம்புள்ளைக்கு அனுசரணையான ஒருத்தி வரணும் தாயேன்னு காமாட்சிய எத்தன வெள்ளிக்கெழம கேட்டிருப்பேன். கேட்டபடிதான் குடுத்திருக்கா, நான்தான்... பாத்தீங்களா, வாய் வழுக்குது.

அழாதீங்கமா. கோயில்ல உக்காந்து அழக் கூடாது. ஏன் நேரா சொல்லலன்னா கேக்குறீங்க. அன்னிக்கு அந்தக் கெணத்தாண்ட அவன் எங்கையப் புடிச்சு கொழந்த தலையில வெச்சான். அப்பாகிட்டயோ வேற யாருகிட்டயோ இத வாய்விட்டுச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணும்மான்னான். கொழந்த என்னப் பாத்துச் சிரிக்குது, தல சூடா இருக்குது உள்ளங்கையில. பண்ணிட்டேன். அதனால நான் ஒண்ணும் சொல்லல. இப்பவும் சொல்லல. விளக்கப் பத்திச் சொன்னேன், ஒரு கயித்தப் பத்திச் சொன்னேன், அது சத்தியத்துல வராதுன்னுதான் நெனக்கிறேன். வரும்னா அது எந்தலையில விடியட்டும், அந்தப் புள்ள தலையில வேணாம்.

உங்க வூட்டுக்காரருகிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு கவலப்படாதீங்க. நெசத்தச் சொன்னா எங்க அவரு இந்தத் தெருவுல நடமாட முடியாது. காரணம் நான் குடுக்கறேன். நீங்க கோவமா எழுந்து நின்னா போதும். பெறவு என்னப் பத்தி என்ன நெனச்சாலும் சரி, தெருவுல பாத்தா மொகத்தத் திருப்பிக்கினு போங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அந்த வாசனப் பைய மட்டும் குப்பையில போட்ராதீங்கமா, நல்ல மனசுல குடுத்தது.

தோ, கோபுர வாசல்ல வர்றாங்க. கண்ணத் தொடைங்க. எழுந்திரிங்க.

வாங்க, வாங்க. மண்டபம் புடிச்சுதா? இங்கயா? ஒண்ணுமில்லங்க, பொண்ணு நெறம் கொஞ்சம் கம்மிதான், எங்க குரு கலருக்கு இன்னும் செவப்பா பாத்திருக்கலாம், அவசரப்பட்டுட்டோம்னு சொல்லிக்கினு இருந்தேன். அதுக்குப் போயி எழுந்துட்டாங்க.